ஜாமாச்சோ மலையில் கட்டிய இரண்டு கொடிச்சரங்கள்

அப்பாவின் பெயரை ஒரு மரக்கிளையில் திரும்பப் பார்த்தேன். லாலிகுராஸ் மரம், ரோடோடென்ட்ரான் என்பார்களே அது. என் மணிக்கட்டுப் பருமன் இருந்த கிளையில் நைலான் கயிறு பட்டைக்குள் இறங்கியிருந்தது. கயிற்றுக்கு இரு பக்கமும் மரம் வீங்கிப் புடைத்திருந்தது. கயிற்றில் மிஞ்சியிருந்த ஒரு பச்சைப் பிரார்த்தனைக் கொடித் துண்டில் பதினோரு மாதம் முன்பு நான் மார்க்கர் பேனாவால் எழுதிய நான்கு எழுத்து அப்படியே இருந்தது. அச்சடித்த மந்திரம் போய்விட்டது, குதிரை போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

நான் 'ஆமா' என்று கூப்பிடும் எங்கள் வீட்டுக்காரம்மா என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "யார் கட்டியது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இடுப்புத் துணியில் செருகியிருந்த சின்னக் கத்தியை எடுத்தார்.

என் கணவருக்கு அப்போது காத்மாண்டுவில் வேலை. பௌத்தநாத் ஸ்தூபிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா. சோலுகும்பு பக்கத்து ஷெர்பா குடும்பம், வயது அறுபத்தெட்டு. நேபாளியில் 'ஆமா' என்றால் அம்மா. நான் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை 'நானி' என்பார், திருநெல்வேலியில் பெரியவர்கள் 'தாயி' என்று கூப்பிடுகிற மாதிரி. பாதி நேபாளி, பாதி இந்தி என்று பேசிக்கொள்வோம்.

2021 ஆவணியில் ஊரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. போய் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினேன். திரும்பிய பிறகு காத்மாண்டுவில் மனம் ஒட்டவில்லை. தினமும் ஸ்தூபியைச் சுற்றும்போது கோபுர உச்சியிலிருந்து நாலாபக்கமும் இறங்கும் ஐந்து நிறக் கொடிகளைப் பார்ப்பேன். யாரோ சொன்னார்கள், வேண்டிக்கொண்டு மலையில் கட்டினால் விசேஷம் என்று. இசக்கியம்மன் கோயில் மரத்தில் மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டி வளர்ந்தவள் நான். எனக்கு அது புதிதாகத் தோன்றவே இல்லை. 2022 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, சுற்றுலாப் பயணிகள் வாங்கும் ஒரு கடையில் இருந்ததிலேயே பளபளப்பான சரத்தை வாங்கினேன். அப்பா பெயரை எழுதிக்கொண்டு கணவரோடு ஜாமாச்சோ ஏறினேன். காற்றில் அவிழ்ந்துவிடக் கூடாது என்று கிளையை இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டேன். அப்பா எழுந்து நடந்தால் அடுத்த வருஷம் இன்னொரு சரம் கட்டுவதாக வேண்டிக்கொண்டேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் அப்பா போய்விட்டார்.

ஜாமாச்சோ என்பது காத்மாண்டு பள்ளத்தாக்கின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் நாகார்ஜுன் மலையின் உச்சி. உயரம் சுமார் 2,100 மீட்டர். காத்மாண்டு நகரமே சுமார் 1,400 மீட்டரில் இருப்பதால் நாம் காலால் ஏற வேண்டியது எழுநூறு மீட்டர் போல. இமயத்தின் கணக்கில் இது குன்று. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு எல்லாம் தொடங்கிய இடம் இதுதான். பள்ளத்தாக்கு முழுவதும் ஏரியாக இருந்த காலத்தில் விபஸ்வி என்கிற முற்காலப் புத்தர் இந்த மலையில் நின்று ஒரு தாமரை விதையைத் தண்ணீரில் எறிந்தாராம். அது பூத்த இடத்தில்தான் சுயம்புநாத் ஸ்தூபி நிற்கிறது. பிறகு மஞ்சுஸ்ரீ போதிசத்துவர் வந்து சோபார் மலையை வாளால் பிளந்து ஏரியை வடியவிட, நிலம் வெளியே வந்தது என்பது கதை. பெயர்க் காரணமான நாகார்ஜுனர், சூனியவாதம் பேசிய நம் தென்னாட்டு ஆசாரியர், இங்கே ஒரு குகையில் தவம் இருந்ததாகவும் நம்புகிறார்கள். சைத்ர பௌர்ணமிக்கு நேவார் மக்கள் கூட்டம் கூட்டமாக ஏறி, இறங்கும்போது அடிவாரத்தில் பாலாஜுவின் இருபத்திரண்டு நீர்த்தாரைகளில் குளிப்பார்கள்.

இதெல்லாம் முதல் முறை ஏறியபோது எனக்குத் தெரியாது. மலையைப் பற்றியும் கொடியைப் பற்றியும் ஒருவரிடமும் கேட்காமல் போனேன். கீழ்வீட்டிலேயே கேட்க ஆள் இருந்தும் கேட்கவில்லை. இதைப் படிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான். கட்டப் போகிறீர்கள் என்றால் அதைத் தினப்படி வாழ்கிற ஒருவரோடு போங்கள். மனமுவந்து கூட்டிப் போவார்கள்.

2023 பிப்ரவரியில் ஷெர்பாக்களின் புத்தாண்டான ல்ஹோசார் வந்தது. புத்தாண்டின் மூன்றாம் நாள் பழைய கொடிகளுக்குப் பதில் புதுக் கொடி கட்டுவது வழக்கம். "நானி, நீயும் வா" என்றார் ஆமா. நான் போன வருஷமே கட்டினேன், பலிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே குரல் உடைந்தது. அவர் சமாதானம் ஏதும் சொல்லவில்லை. என்ன கொடி வாங்கினாய் என்று கேட்டார். அப்போது கூடவே வாங்கி வீட்டில் மிச்சம் இருந்த இன்னொரு சரத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, பூஜை அறையில் எரிந்துகொண்டிருந்த நெய் விளக்கில் காட்டினார். நூல் எரியவில்லை. சுருண்டு, கறுத்து, கடுகு போல ஒரு மணியானது. பிறகு தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய கொடியை எடுத்து அதிலும் ஒரு நூல் உருவிக் காட்டினார். காகிதம் எரிகிற வாசனையோடு பற்றி, விரலில் தேய்த்தால் போகிற சாம்பலானது.

"இது போகும். அது போகாது" என்றார்.

கொடியின் வேலை என்ன என்று அன்று இரவு உட்காரவைத்துச் சொன்னார். நடுவில் ஒரு குதிரை, முதுகில் சுடர்விடும் மூன்று ரத்தின மணிகள். அந்த மணிகள் புத்தர், தர்மம், சங்கம். திபெத்திய மொழியில் 'லுங்தா' என்றால் காற்றுக் குதிரை. நான்கு மூலையிலும் கருடன், டிராகன், புலி, பனிச் சிங்கம். மிச்ச இடமெல்லாம் மந்திரம். இந்தக் கொடி எந்தத் தெய்வத்துக்கும் மனுப் போடுவதில்லை. காற்று துணியைத் தொட்டுக்கொண்டு போகும்போது அந்த எழுத்தின் நன்மையை எடுத்துக்கொண்டு போகிறது, வழியில் யார் இருந்தாலும் அவர்கள்மேல் படுகிறது. துணி வெளுக்க வெளுக்க மந்திரம் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நைந்து நூல்நூலாகக் கிழிந்தால் கொடி வேலையை முடித்துவிட்டது. கட்டும்போது சொல்ல வேண்டியது 'செம்சென் தம்சே', உயிருள்ள அத்தனைக்கும். நமக்கு வேண்டியவர்கள் அதற்குள் தானாக அடங்கிவிடுகிறார்கள்.

எனக்கு இது உடனே ஏறவில்லை. நேர்ந்துகொள்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அம்மனிடம் உரிமையோடு கேட்கிறோம், கொடுத்தால் செய்கிறோம், அது தாயோடு பேசுகிற பேச்சு. அதை நான் இன்றும் விடவில்லை. ஆனால் அந்தப் பேச்சை இந்தக் கொடியில் கொண்டுபோய்க் கட்டியது தவறு. அப்பா நடக்கவில்லை என்றதும் ஊரிலும் மலையிலும் எல்லாருமாகச் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டதாக நான்கு மாதம் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

ஆமா என்னைக் கூட்டிப் போய் பௌத்தநாத்தில் ஒரு பழைய கடையில் பருத்திச் சரம் வாங்கித் தந்தார். நிறம் மங்கலாக இருக்கும், ஓரம் பிசிறடிக்கும். அப்படி இருந்தால்தான் சரி. கொடிகள் ஐந்தின் மடங்கில் வரும், பத்து, இருபத்தைந்து என்று. நாங்கள் எடுத்தது இருபத்தைந்து. பக்கத்து கும்பாவில், அதாவது பௌத்த மடத்தில், கொடுத்து லாமா மந்திரம் சொல்லி அரிசி தூவி, 'ரப்னே' என்கிற பிரதிஷ்டை செய்தார். நாளும் பார்த்தார்கள். திபெத்தியப் பஞ்சாங்கத்தில் கொடி கட்டக் கூடாத நாட்கள் உண்டு. அந்த நாளில் கட்டினால் கொடி பறக்கும் வரை தடைதான் வரும் என்பது நம்பிக்கை. ஏதாவது ஒரு கும்பாவில் கேட்டால் நொடியில் சொல்லிவிடுவார்கள்.

பெயர் எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. போனவர்களுக்கும் எழுதலாம், நோயாளிக்கும் எழுதலாம். ஆனால் கட்டும்போது அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்காதே" என்றார். மார்க்கரை எடுத்தேன். அவர் அதை வாங்கி வைத்துவிட்டுச் சாதாரண மைப் பேனாவைக் கொடுத்தார்.

பிப்ரவரி 23, வியாழக்கிழமை. ஏழு மணிக்கு பாலாஜுவைத் தாண்டி புல்பாரி வாசலில் இறங்கினோம். நாகார்ஜுன் காடு சுமார் 15 சதுர கிலோமீட்டர். 2009 முதல் சிவபுரி நாகார்ஜுன் தேசியப் பூங்காவின் பகுதி என்பதால் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும், வாசலில் ராணுவக் காவல் உண்டு. இந்தியர்களுக்கு சார்க் நாட்டவர் கட்டணம், மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைவு. அதற்கு வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ அசல் கையில் இருப்பது நல்லது. தனியாகப் போக வேண்டாம். உள்ளே கடை கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் குரங்கு விடாது. மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி உண்டு.

உச்சிக்கு வண்டிப் பாதையும் இருக்கிறது, சுற்றிச் சுற்றிப் போகும். நடைபாதை காட்டுக்குள் நேராக ஏறும், பெரும்பாலும் கல் படிகள். இரண்டு மணி நேரம் என்று சொல்வார்கள், எங்களுக்கு இரண்டரை ஆனது. இந்த உயரத்தில் மலை நோய் பயம் இல்லை. சமவெளியில் பிறந்த நமக்கு மூச்சும் முழங்காலும்தான் பிரச்சினை. முதல் முறை நான் வேகமாக ஏறி நின்று, வேகமாக ஏறி நின்று, பாதி வழியிலேயே களைத்துப் போனேன். ஆமா நிற்கவே இல்லை. ஒரு படி, ஒரு 'ஓம் மணி பத்மே ஹூம்', ஒரு படி. ஜெபமாலை மணியை உருட்டிக்கொண்டே அதே வேகத்தில் கடைசி வரை. அவருடைய மந்திர வேகத்துக்கு என் காலைச் சேர்த்துக்கொண்ட பிறகு எனக்கும் இரைக்கவில்லை. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். முழங்காலுக்கு அசல் சோதனை இறக்கத்தில்தான், ஒரு கம்பு இருந்தால் பெரிய உதவி.

கொடிச்சரத்தை அவர் பைக்குள் போடவில்லை. கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டார். தரையில் படக் கூடாது, தாண்டக் கூடாது, கால் பக்கம் வைக்கக் கூடாது. இது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, புத்தகத்தை மிதித்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம்தான்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழேதான் அந்த லாலிகுராஸ் மரம். முதல் மொட்டுகள் சிவந்திருந்தன.

ஆமா கத்தியால் கயிற்றை ஒரே வெட்டில் அறுக்கவில்லை. அவசரப்பட்டால் பட்டை உரியும். முடிச்சு இருந்த இடத்தில் நகத்தை விட்டுக் கிளப்பி, அதற்கு அடியில் கத்தி முனையைச் செருகி, நார் நாராக அறுத்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கயிறு வெளியே வந்தபோது கிளையைச் சுற்றி ஒரு பள்ளம், மோதிரத்தைக் கழற்றிய விரலில் இருப்பது போல. அதற்கு மேல் இருந்த இலைகள் மற்ற கிளைகளைவிடச் சிறுத்து மஞ்சளாக இருந்தன. அவர் அந்தப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் கையை எடுத்து வைத்தார். பட்டை குளிர்ந்து ஈரமாக இருந்தது.

"மூன்று முடிச்சுப் போட்டேன் ஆமா, அவிழ்ந்துவிடக் கூடாது என்று" என்றேன்.

"தெரியும். உன் அப்பா அல்லவா" என்றார்.

அழுது தீர்த்தேன். ஐப்பசியில் ஊரில் எல்லாக் காரியமும் நடந்தபோது வராத அழுகை.

பருத்திக் கொடி பழசானால் எரிப்பார்கள், அல்லது காற்றே தின்றுவிடட்டும் என்று விட்டுவிடுவார்கள். பாலியெஸ்டரை எரித்தால் உருகி நாறும். மற்றவர் கட்டிய கொடியை நாம் அவிழ்ப்பது முறை இல்லை. அதனால் நான் கட்டியதை மட்டும் துண்டு துண்டாகப் பொறுக்கிப் பையில் போட்டேன். அதில் பத்தில் நான்குதான் கிடைத்தது. மற்ற ஆறும் அந்தக் காட்டில் எங்கேயோ இருக்கின்றன. அதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

உச்சியில் ஸ்தூபி. சுற்றிலும் கொடி கட்டிக் கட்டி வானமே தெரியாது, காற்று அடித்தால் ஆயிரம் பேர் புடவை உதறுவது போலச் சத்தம். பார்வைக் கோபுரத்தில் ஏறினால் வடக்கே கணேஷ் ஹிமாலும் லாங்டாங்கும். அன்று தெளிவாக இருந்தது. ஆமா தூபி எனப்படும் ஜூனிபர் தழையைப் புகைக்கப் போட்டுவிட்டுச் சரத்தைக் கழற்றினார்.

கட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு நுனியை நான் கையில் பிடித்து நிற்க, அவர் மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே பின்னோக்கி நடந்தார். மொத்தமாக உதறினால் சிக்கிக்கொள்ளும். நிற வரிசை இடமிருந்து வலம் நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். வானம், காற்று, நெருப்பு, நீர், நிலம். பள்ளியில் நாம் படித்த 'நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம்' என்பதைத் தலைகீழாகச் சொன்னால் அப்படியே இந்த வரிசை வரும். இதை ஆமாவிடம் சொன்னபோது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று, தமிழில் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

கொடி கட்டவென்றே நட்ட கம்பம் இருந்தால் அதில் கட்டுவதுதான் நல்லது. மரத்தில்தான் இடம் என்றால் முதிர்ந்த தடித்த கிளையாகப் பாருங்கள், கூடு இல்லாததாக. நைலான் வேண்டாம், பருத்தியோ சணலோ போதும். கிளைக்கும் கயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற இடைவெளி விட்டு வளையமாகக் கட்ட வேண்டும். இழுத்தால் இறுகுகிற சுருக்கு முடிச்சு கூடவே கூடாது. சரத்தையும் விறைப்பாக இழுக்காதீர்கள், நடுவில் தொய்வு இருந்தால்தான் காற்றுக்குக் கொடுத்து நிற்கும், விறைப்பாக இருந்தால் முதல் புயலில் அறுந்துவிடும். ஆள் தலைக்கு மேல் உயரம் வேண்டும். ஒரு பக்கம் ஒரு கம்பமும் இன்னொரு பக்கம் ஒரு ஓக் மரமும் எங்களுக்குக் கிடைத்தன. மரத்துப் பக்கம் நான் கட்டினேன். அவர் வந்து தன் இரண்டு விரலை விட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

"கி கி, சோ சோ, ல்ஹா கியாலோ!" என்று கத்தி சத்து மாவை மூன்று முறை காற்றில் எறிந்தார். தெய்வங்களுக்கு வெற்றி என்று பொருள். மாவு என் தலைமுடி எல்லாம். நானும் கத்தினேன். பிறகு 'செம்சென் தம்சே' சொல்லிப் பார்த்தேன். அப்பாவின் முகம் வந்தது. அவருக்குப் பிசியோதெரபி செய்த பையன், ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வெட்டியவர், அந்த லாலிகுராஸ் கிளை என்று ஒவ்வொன்றாக வந்தது. பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்காதே என்று ஆமா சொன்னது எனக்கு அங்கே வைத்துத்தான் புரிந்தது.

2023 அக்டோபரில், நேபாளத்துத் தசராவான தசைனுக்குப் பிறகு, காத்மாண்டுவைக் காலிசெய்யும் முன் இன்னொரு முறை ஏறினோம். மழைக்காலம் ஒன்று முழுதாகப் போயிருந்தது. போகும் வழியில் லாலிகுராஸைப் பார்த்தேன். பள்ளம் இருந்தது, ஆனால் அதற்கு மேல் புது இலை தடிமனாக, பச்சையாக.

உச்சியில் எங்கள் சரம் இரண்டு முனையிலும் பிடித்து நின்றது. நடுவில் மூன்று கொடிகள் போய் நூல்தான் மிச்சம். மற்றவை ஓரம் நைந்து, தொட்டால் சிலந்தி வலை மாதிரி இருந்தன. அப்பாவின் பெயரை மஞ்சளில் எழுதியதாக ஞாபகம். ஒவ்வொன்றாகப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராக வைத்துப் பார்த்தேன். வெள்ளை, மஞ்சள், சிவப்பு எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. எது எது என்று சொல்ல முடியவில்லை.

"கிடைத்ததா நானி?" என்று ஆமா கீழே இருந்து கேட்டார். பிளாஸ்கைத் திறந்து உப்புத் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இல்லை ஆமா" என்றேன்.

"சரி, வா. ஆறிவிடும்."